ஓரத்தில் வைத்த முகம்

பனோனாவுக்குப் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. வருவது மாடா மனிதனா என்பதையே காலடிச் சத்தத்தை வைத்துத்தான் சொல்வாள். ஆனால் மூக்குக்கு அருகே கொண்டுபோன ஒரு பொருளை அவளைப்போலப் பார்த்தவர் எங்கள் ஐசெனி மக்களில் யாரும் கிடையாது. ஒரு பார்லி மணி அளவுக்கு இடம் கொடுத்தால் போதும், அதில் ஒரு முகம் வெட்டிவிடுவாள். அந்த முகத்துக்குத் தூக்கமா கோபமா என்றுகூட நாம் சொல்லிவிடலாம். காசு அடிக்கிற வெண்கல அச்சைக் கன்னத்தோடு ஒட்டிவைத்து வேலை செய்வதால் பொழுது சாயும்போது அவள் கன்னத்தில் ஒரு பச்சைக் கறை இருக்கும். அதைத் துடைக்க அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

நான் காசு அடிக்கிறவன். பிறக்கும்போதே முகமெல்லாம் செம்புள்ளி. எங்கள் பேச்சில் புள்ளிக்காரனுக்குப் பிரிக்கோ என்று பெயர், அதையே எனக்கு வைத்துவிட்டார்கள். பனோனா வெட்டிய அச்சு மரக்கட்டையில் மல்லாந்து பதிந்திருக்கும். சூடான பொன்வில்லையை இடது கை இடுக்கியால் அதன்மேல் வைப்பேன். மேல் அச்சை நிறுத்திப் பிடிப்பேன். சுத்தியலால் ஒரே அடி. கீழ்ப்பக்கம் இலைகள் விழும், மேல்பக்கம் ஓநாய் விழும். இரண்டாவது அடி அடிக்கிறவன் அடிகாரனே கிடையாது என்பது என் கட்சி.

எங்கள் இருவருக்கும் மேலே தாஸ்கோ என்று ஒருவர், அரசருடைய பொன்னுக்குக் காவல். வாயைத் திறந்தால் வசவு. ஆனால் அடித்த காசு ஆறியதும் எடுத்துப் பார்த்து, "நடுவுல விழுந்திருக்கு" என்று ஒரு முனகல் முனகுவார். அவர் வாயிலிருந்து வருகிற ஒரே நல்ல வார்த்தை அதுதான். அந்த முனகலுக்காக என் பாதி ஆயுளை உழைத்தே கழித்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் காசில் முகத்தைப் பட்டவர்த்தனமாக வைக்க மாட்டோம். தெற்கே இருந்து வரும் வியாபாரிகளின் காசில் ஒரு தலை இருக்கும். கண், காது, மூக்கு, மோவாய் எல்லாம் கடை பரப்பியதுபோல இருக்கும். எவன் கைக்குப் போனாலும் அவனைப் பார்த்து முழிக்கும். எங்களுக்கு அது நாகரிகமாகப் படவில்லை. அந்தத் தலையைப் பார்த்து எங்கள் ஆள் ஒருவர் ஒருகாலத்தில் வெட்டினாராம். அதைப் பார்த்து இன்னொருவர், அதைப் பார்த்து மற்றொருவர். கை மாற மாறத் தலையும் கழன்றுகொண்டே வந்தது. முதலில் மோவாய் போயிற்று, பிறகு மூக்கு. கடைசியில் தலையில் சூடியிருந்த இலைமாலை மட்டும்தான் மிச்சம். இன்றைக்குக் காசின் ஒரு பக்கம் முழுக்க இலை, பிறை, சுருள், புள்ளி. வெளியூர்க்காரன் பார்த்தால் கோழி கிளறிய இடம் என்பான்.

பார்க்கத் தெரிந்தவன் காசை மெல்லத் திருப்புவான். ஒரு திருப்பில் இரண்டு புள்ளிகள் கண்ணாகும், பிறை மூக்காகும், இலைகளுக்குள்ளிருந்து யாரோ எட்டிப் பார்ப்பார்கள். இன்னொரு திருப்பில் காணாமல் போவார்கள். அறுவடை விருந்தில் பார்லிக் கள் உள்ளே போனதும் எங்கள் ஆட்களுக்கு இதுதான் விளையாட்டு. யார் எத்தனை முகம் கண்டுபிடித்தார் என்று அடிதடியே நடந்திருக்கிறது. யார் முகத்தை ஒளித்துவைப்பது என்பது அச்சு வெட்டுகிறவர் பாடு. அதை அரசர்கூடக் கேட்பதில்லை.

பனோனாவின் கணவன் செகோமார். நல்ல உயரம், எந்நேரமும் சிரித்த வாய், வேலை என்றால் மட்டும் வளையாத முதுகு. மூக்கு ஒரு பக்கமாக வளைந்திருக்கும். அதை வளைத்தவன் நான்தான். பதினாறு வயதில், விருந்தில் பன்றித் தொடை யாருக்கு என்று நடந்த சண்டை அது. அதுவும் நடுவில் விழுந்த அடிதான். பனோனா என்னைத்தான் கட்டிக்கொள்வாள் என்று நான் மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்த காலம். வீங்கிப்போன அந்த மூக்குக்குப் பச்சிலை வைத்துக் கட்ட முதலில் ஓடியவள் அவள்தான். கட்டப் போன கை அங்கேயே தங்கிவிட்டது. ஆக, அவர்களைச் சேர்த்துவைத்த புண்ணியமும் என் கைக்குத்தான்.

கடலுக்கு அப்பால் பெல்கா நாட்டில் ரோமாக்காரர்களோடு சண்டை மூண்டது. அங்கே எங்கள் அரசருக்கு உறவு. முப்பது பேரை அனுப்புவதாக அவர் வாக்குக் கொடுத்துவிட்டார். கேட்டதுமே கை தூக்கியவன் செகோமார். ஆற்றுத்துறையில் நின்று, "ரெண்டு அறுவடைக்குள்ள வந்துருவேன் புள்ள, அதுவரைக்கும் இந்தப் புள்ளிமூஞ்சி கண்ணால வழியப் பாத்துக்க" என்று என்னைக் காட்டிச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். புதர்க்காட்டில் ஊதாப்பூ பூக்கிற சமயத்தில்தான் பனோனாவுக்குத் தான் மாசமாக இருப்பதே தெரிந்தது. அவனுக்குத் தெரியாது.

அதைத் தெரியப்படுத்த வேண்டும் என்பதே அவளுக்கு அப்போதிருந்து ஒரே நினைப்பாகிவிட்டது. எங்களுக்கு எழுத்து கிடையாது. வாய்ச்சொல்லை நம்பி, ஒரு படகுக்காரனிடம் உப்புக்கண்டம் போட்ட பன்றித் தொடை ஒன்றைக் கொடுத்துச் சொல்லி அனுப்பினாள். மறு வருடம் அவன் இன்னொரு தொடை கேட்டு வந்து நின்றான்.

"செகோமார்கிட்ட சொன்னியா?"

"எந்த செகோமாரு?" என்றான் அவன்.

அதற்குள் பெண்குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நெமெத்தா என்று பெயர். அடுத்து வந்த வசந்தத்தில், கடல் கடந்த முப்பது பேருக்கும் கூலியாக ஆளுக்கொரு பொன்காசு அனுப்ப அரசர் முடிவு செய்தார். புது அச்சு வேண்டும் என்று உத்தரவு வந்தது. பனோனா குழந்தையை இடுப்பில் கட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்து, "நான் வெட்டுறேன்" என்றாள். பதினெட்டு நாள் வாசலில் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அந்த நாட்களில் நான் என்ன பேசினாலும் அவள் காதில் ஏறவில்லை.

பொன்னில் அடிக்கும் முன்னால் ஈயத்தில் ஒருமுறை அடித்துப் பார்ப்போம். ஈயத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் அகலமான தகட்டில் அச்சு முழுவதும் விழுந்துவிடும். பொன் அப்படி இல்லை. அரசரின் பொன் வருடத்துக்கு வருடம் சுருங்கியது, வில்லையும் கூடவே சிறுத்தது. அச்சை மட்டும் பழைய அகலத்திலேயே வெட்டிப் பழகிவிட்டோம். அதனால் எந்தக் காசிலும் முழுப் படம் விழாது. எந்தப் பகுதி விழ வேண்டும் என்பது வில்லையை வைக்கிற என் இடது கையைப் பொறுத்தது.

ஆறின ஈயத் தகட்டை என் கையில் கொடுத்து, "திருப்பிப் பாரு" என்றாள்.

திருப்பினேன். இலைகளின் நடுவே பனோனா வந்தாள். கண்ணை இடுக்கிக்கொண்டு, யாரோ வரும் வழியைப் பார்க்கிறவளாகத் தன்னையே வெட்டியிருந்தாள். இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அவள் கன்னத்தோடு ஒட்டி, ஊசிமுனை அளவு இரண்டு புள்ளிகளோடு ஒரு குட்டி முகம். இன்னும் திருப்பினால் தகட்டின் ஓரத்தில், சுருள்முடிக்குக் கீழே, வளைந்த மூக்கு. என் கைவேலை, அப்படியே அச்சு அசலாக இருந்தது.

"வீட்டுக்காரன ஏன் ஓரத்துல தள்ளிட்ட? சண்ட போட்டியா?"

"நடுவுல வச்சா உன் அடிக்கு இருபது காசுக்குள்ள தேஞ்சுருவான். நான் தேஞ்சாப் பரவால்ல. ஓரத்துல இருந்தாத்தான் கடைசிக் காசு வரைக்கும் மூக்கு மூக்கா இருக்கும்."

அது உண்மைதான். அச்சு நடுவில்தான் முதலில் தேயும்.

"ஓரத்துல வச்சா காசுலயே விழ மாட்டானே பனோனா."

"அதுக்குத்தான் நீ இருக்கியே. வில்லைய ஆத்துப் பக்கமா ஒரு மயிரிழ தள்ளி வையி. மூணு பேரும் விழுந்துருவோம்."

"இதப் பாத்து அவனுக்கு என்ன புரியப் போவுது? அவன் மாட்ட வித்தாக்கூடக் கயித்துக்குத் தனியா வெல கேக்க மறந்துட்டு வர்ற ஆளு."

"என் கை அவனுக்குத் தெரியும். மொதல்ல நான் தெரிவேன். அப்புறம் இவ தெரிவா. யாரு புள்ளன்னு தேடுவான் பாரு, அப்ப அவனே தெரிவான். வீட்ல எல்லாரும் இருக்கோம், நீ மட்டும் வெளிய நிக்கிறன்னு புரிஞ்சுரும். வந்துருவான்." பிறகு என் கையைப் பிடித்தாள். வெண்கலத் தூள் ஒட்டிய கை. "தள்ளி வைப்பியா?"

"வைக்கிறேன்" என்றேன். அந்த நேரத்தில் அதை மனதோடுதான் சொன்னேன்.

காசு அடிக்கும் நாளில் அச்சு வெட்டியவர் பட்டறைப் பக்கம் வரக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அவள் வரவில்லை. முதல் பன்னிரண்டு வில்லைகளை ஆற்றுப் பக்கமாகத் தள்ளியே வைத்தேன். பன்னிரண்டிலும் மூன்று பேரும் விழுந்தார்கள். இலைவரிசை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து காசின் விளிம்பில் இடித்தது. தாஸ்கோ வந்தார். ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார்.

"டேய் புள்ளிமூஞ்சி, காலைலயே ஊத்திக்கிட்டியா?"

"இல்லைங்கய்யா."

"அப்ப கண்ணு அவிஞ்சு போச்சா? பெல்காக்காரன் இதப் பாத்தா என்ன சொல்லுவான்? ஐசெனி அரசன்கிட்ட நேரா அடிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன்கூட இல்லம்பான். எடுறா, உருக்கு!"

பன்னிரண்டையும் அவர் கண்ணெதிரே மூசையில் போட்டு உருக்கினேன். மறுபடி வில்லையாக ஊற்றினேன். இரண்டு காசு நடுவில் விழும்வரை நின்று பார்த்துவிட்டு, "நடுவுல விழுந்திருக்கு" என்று முனகிவிட்டு, அவர் சாப்பிடப் போய்விட்டார்.

இனி நான் சொல்லப்போவதை இவ்வளவு காலம் யாரிடமும் இப்படி முழுதாகச் சொன்னதில்லை. தாஸ்கோ பட்டறையில் இல்லை. சாப்பிடப் போனால் அவர் லேசில் திரும்புகிற ஆள் இல்லை. இருபத்தெட்டு வில்லைகள் மிச்சம். அதில் ஐந்தாறைத் தள்ளி அடித்துப் பையின் அடியில் போட்டிருந்தால் அவருக்குத் தெரியவே போவதில்லை. இடுக்கியில் சிவந்த வில்லையோடு நின்றேன். ஆற்றுப் பக்கமாக ஒரு மயிரிழைதான். அதைத் தள்ளினால் செகோமார் வந்துவிடுவான். அவன் வரக் கூடாது என்று நினைத்தேன். அவன் சாக வேண்டும் என்றெல்லாம் இல்லை. அங்கேயே நன்றாக இருக்கட்டும், இங்கே மட்டும் வராமல் இருக்கட்டும். வில்லையை நடுவில் வைத்தேன். இருபத்தெட்டையும் நடுவில் அடித்தேன். என் வாழ்நாளிலேயே அவ்வளவு சுத்தமான அடிகளை அடித்ததில்லை.

பையைத் தாஸ்கோ கட்டி முத்திரை வைத்தார். அதனால் பனோனா ஒரு காசையும் பார்க்க முடியவில்லை. ஓடிவந்து கேட்டாள்.

"தள்ளி வச்சியா?"

"வச்சேன்" என்றேன். பன்னிரண்டு முறை வைத்தேனே, அது பொய்யா என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று மாலை அவள் சுட்ட விலாங்குமீனைக் கொண்டுவந்து கொடுத்தாள். என் வாழ்வில் அவ்வளவு ருசியாக எதையும் சாப்பிட்டதில்லை, அதுதான் கொடுமை. ஈயத் தகட்டை உருக்க மனம் வராமல் என் வீட்டு நடுத்தூணுக்கு அடியில் புதைத்துவைத்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம். பனோனா வாசலில் உட்கார்ந்து வேலை செய்வாள். வழியில் ஏதாவது சத்தம் கேட்டால் கை நின்றுவிடும்.

"யாரு வர்றது பிரிக்கோ? மூக்கு வளஞ்சிருக்கா?"

"இல்ல. உப்பு விக்கிறவன்."

"இப்ப யாரு?"

"தாஸ்கோவோட பன்னி."

"அதுக்கு மூக்கு எப்படி இருக்கு?" என்பாள், சிரிப்பாள். சிரித்து முடித்ததும் அந்த முகம் விழுவதைப் பார்க்க முடியாமல் நான் உலையை ஊதப் போய்விடுவேன். இருந்தாலும் அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. அவள் ஒரு நாளைக்குப் பத்து முறை என் பெயரைச் சொல்லிக் கேட்டாள். நான்தான் அவளுக்குக் கண்.

குழந்தை வளர்ந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே, ஊருக்குள் வரும் புது ஆள் ஒவ்வொருவரிடமும் போய்க் குனியச் சொல்லி மூக்கைத் தடவிப் பார்ப்பாள். நேராக இருந்தால் "இவரு இல்லம்மா" என்று கத்துவாள். வந்தவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள். பனோனா அப்போது அச்சை இன்னும் பக்கத்தில் கொண்டுபோவாள், இமை முடி அதில் உரசும் அளவுக்கு.

நான்காம் வருடம் துணிந்து ஒருமுறை கேட்டுவிட்டேன். "எத்தன நாளு இப்படியே இருப்ப? என் வீட்டுக் கூரையும் ஒழுகாது."

"உன் கூரை ஒழுகாதுன்னு எனக்குத் தெரியும் பிரிக்கோ" என்றாள். குரலில் கேலி இல்லை. "சத்தம் கேக்குது, வழியப் பாத்துச் சொல்லு. யாரு?"

ஐந்தாம் வருடம் பார்லி அறுவடை முடிந்த சமயம், வழியில் உண்மையிலேயே ஒருவன் வந்தான். வலது கை மணிக்கட்டோடு இல்லை. முப்பது பேரில் ஒருவனான காத்தோ. நெமெத்தா ஓடிப்போய் மூக்கைப் பார்த்தாள். நேரான மூக்கு.

கள்ளும் ரொட்டியும் கொடுத்து உட்காரவைத்தோம். முப்பதில் எத்தனை பேர் போனார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னான். கடைசியில்தான் பனோனா கேட்டாள்.

"அவரு?"

"உசுரோடதான் இருக்கான். ரெனோஸ் ஆத்தத் தாண்டி, அந்தக் கரைல ஒரு ஊர்ல குதிர பழக்குறான். ஏன் தங்கச்சி, அவனப் பத்திக் கேக்குற? நீதான் வேற ஆளத் தேடிக்கிட்டியே?"

பனோனா காத்தோவின் முகத்தருகே போனாள். "யாரு சொன்னா?"

"நீதானே சொல்லி அனுப்பின, காசுல" என்றான் காத்தோ. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய காசை எடுத்துக் காட்டினான். "இது வந்த அன்னிக்கே உன் கைன்னு கண்டுபிடிச்சுட்டான். திருப்பித் திருப்பிப் பாத்தான். 'எம் பொண்டாட்டிடா'ன்னு கத்திக்கிட்டே எங்க எல்லார்கிட்டயும் காட்டினான். அப்புறம் கன்னத்துகிட்ட கொழந்தயப் பாத்தான். சத்தம் நின்னு போச்சு. கொழந்தன்னா அப்பன் இருக்கணுமில்ல? தன்னத் தேடினான். இல்ல. எங்க காச எல்லாம் வாங்கினான். முப்பதயும் வரிசயாப் பரப்பி வச்சு, பொழுது சாயிற வரைக்கும் ஒவ்வொண்ணாத் திருப்பித் திருப்பித் தேடினான். முப்பதுலயும் நீ இருந்த, கொழந்த இருந்துச்சு, அவன் இல்ல. 'எடமில்லன்னு சொல்லிட்டா'ன்னான். தன் காச ஆத்துல போட்டுட்டான். அதுக்கப்புறம் ஊர்ப் பேச்ச எடுத்தாலே எழுந்து போயிருவான்." காத்தோ கள்ளைக் குடித்தான். "அடிச்சவன் எவனோ கல்லு மாதிரி உக்காந்து அடிச்சிருக்கான். முப்பதுல ஒண்ணாவது கோணலா விழக் கூடாதா?"

நெமெத்தா அந்தக் காசுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். பனோனா முந்திக்கொண்டு அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு விரல் நகத்தால் விளிம்பை மெல்லச் சுற்றிவந்தாள். அவன் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நகம் நின்றது. அவள் என் பக்கம் திரும்பினாள். நான் பத்தடிக்குள்தான் இருந்தேன், என் முகம் அவளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

"நல்ல அடி, பிரிக்கோ" என்றாள். "நடுவுல விழுந்திருக்கு."

நான் எழுந்து வீட்டுக்குப் போய்த் தூணடியைத் தோண்டினேன். ஈயத் தகட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன். தாஸ்கோ, பன்னிரண்டு, இருபத்தெட்டு எல்லாவற்றையும் சொன்னேன். காத்தோ இருந்த கையால் என்னை அடிக்க எழுந்தான், பனோனா அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அஞ்சு வருசமா வழியப் பாத்து 'இல்ல, இல்ல'ன்னு சொன்னியே. ஒரு நாளாவது 'ஆமா'ன்னு சொல்லணும்னு இருந்துச்சா உனக்கு?"

"இல்ல" என்றேன்.

"அதயாவது நெசமாச் சொன்ன."

அவள் அழவில்லை. அன்று இரண்டு முறை வெண்கலத்தில் வெட்டுகிற உளியைக் கையில் எடுத்தாள், இரண்டு முறையும் கீழே வைத்தாள். பிறகு உளிகளை எல்லாம் ஒரு தோலில் சுருட்டிக் கட்ட ஆரம்பித்தாள். அதுவரை அவள் ஊரைவிட்டு நகராததற்குக் காரணமே அவன் வரும்போது வீட்டில் இருக்க வேண்டும் என்பதுதான். அவன் வரப்போவதில்லை என்று தெரிந்த அன்றைக்கே அவளுக்கு இங்கே இருக்க வேலையில்லாமல் போயிற்று.

கடற்கரை வரை நான் கூடப் போனேன். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நெமெத்தா என் தோளில் உட்கார்ந்து என் முகத்துப் புள்ளிகளை எண்ணிக்கொண்டே வந்தாள், பத்துக்கு மேல் தெரியாததால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். மணலில் நின்றபோது பனோனா கண்ணை இடுக்கிக் கடலைப் பார்த்தாள்.

"படகு எங்க நிக்குது?"

"நேரா முன்னாடி. முப்பது தப்படி. தண்ணி முழங்காலுக்குத்தான் இருக்கு."

"அந்தக் கரை தெரியுதா?"

"தெரியல."

"உனக்கே தெரியலயா?" என்றாள். அது அவளுக்கு ஏதோ ஆறுதலாக இருந்ததுபோலத் தெரிந்தது. குழந்தையை என் தோளிலிருந்து இறக்கினாள். ஈயத் தகடு அவள் இடுப்பில் துணியில் முடிந்திருந்தது. "பன்னண்டு அடிச்சியே, அதுல அவரு மூக்கு நல்லா விழுந்துச்சா?"

"அப்படியே விழுந்துச்சு பனோனா."

தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீருக்குள் நடந்தாள். நான் முன்னாடி என்று சொன்ன திசையில் நேராக, ஒரு கையை நீட்டியபடியே போனாள். அவள் படகில் ஏறியதைப் பார்த்தேன். அதற்கப்புறம் படகைப் பார்த்தேன். பிறகு படகு இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது வருடம் எந்தச் செய்தியும் இல்லை. வழியில் சத்தம் கேட்டால் நானே எனக்குள் கேட்டுக்கொள்வேன், யாரு பிரிக்கோ என்று. உப்பு விற்கிறவன்தான். அச்சு வெட்ட வேறு ஆள் வந்தான். அவன் வெட்டுகிற இலைகளுக்குள் யாரும் இல்லை. வெறும் இலைதான். விருந்தில் எங்கள் ஆட்கள் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள்.

வெளிநாட்டுக் காசு வந்தால் அதை உருக்கி எங்கள் ஓநாயை அடிப்பதுதான் முறை. பத்தாம் வருடம் நாங்கள் அனுப்பிய குதிரைகளுக்கு மாற்றாக அக்கரையிலிருந்து ஒரு பை காசு வந்தது. தாஸ்கோ கிழடாகிவிட்டார், ஆனாலும் கோலை ஊன்றிப் பக்கத்தில் நின்றார். ஒவ்வொன்றாக எடுத்து மூசையில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு காசில் கை நின்றது. இலை, பிறை, சுருள். சுருளை முடிக்கும்போது உளியைச் சட்டென்று மேலே தூக்கும் அந்தப் பழக்கம் உலகத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு.

திருப்பினேன். வளைந்த மூக்கு, இந்த முறை நட்டநடுவில், தேய்ந்தால் தேயட்டும் என்று. இன்னும் திருப்பினேன். கண்ணை இடுக்காத பனோனா. அந்தக் கண் எதையும் தேடவில்லை. இன்னும் திருப்பினேன். பின்னல் போட்ட ஒரு பெண், பெரியவளாகிவிட்டாள். கண்டுபிடித்துவிட்டாள், அவன் வீட்டில் இருக்கிறாள், மூன்று பேரும் ஒன்றாக இருக்கிறார்கள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, நெஞ்சு எரியவும் செய்தது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

காசை வைக்கப்போனபோதுதான் விளிம்பில் இன்னொன்றைப் பார்த்தேன். ஒரு கண், அதன் கீழே கன்னம், கன்னம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். மேல்பாதி மட்டும்தான். கீழ்ப்பாதி காசுக்கு வெளியே போய்விட்டது. ஓரத்தில் வைத்தால்தான் கடைசிவரை தேயாமல் இருக்கும் என்று சொன்னவள், என்னை ஓரத்தில் வைத்திருந்தாள். வாயை எப்படி வெட்டினாள் என்று தெரியவில்லை. சிரிக்கிற வாயா, பொய் சொல்கிற வாயா, 'இல்ல' என்று சொல்கிற வாயா, எதுவும் விழவில்லை. அந்த ஊர் அடிகாரன் நடுவில் அடித்திருந்தான்.

"என்னடா பாக்குற? போடு உள்ள" என்றார் தாஸ்கோ.

போட்டேன். வாய் இல்லாத முகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இப்போது தாஸ்கோ இல்லை, காவலுக்கு வேறு ஆள். என் கைக்கும் பழைய பலம் இல்லை, ஆனால் உருக்கும் வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அக்கரையிலிருந்து எந்தப் பை வந்தாலும் அதை நான்தான் முதலில் பிரிக்கிறேன். ஒவ்வொரு காசையும் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பிப் பார்க்கிறேன். அந்த ஊர் அடிகாரன் ஒருநாளாவது குடித்துவிட்டு வேலைக்கு வரட்டும், ஒரு மயிரிழை கை தவறட்டும் என்று வேண்டாத தெய்வமில்லை. இதுவரை அந்த அச்சில் ஏழு காசுகள் வந்திருக்கின்றன. ஏழும் நடுவில் விழுந்திருக்கின்றன.